கொங்குப் பக்கம் வீட்டுக்கு மரத்தரை: வாங்கும் முன்னும் போட்ட பின்னும்

எங்கள் வீடு கோபிசெட்டிபாளையம் பக்கம், கீழ்பவானி வாய்க்காலை ஒட்டிய ஊரில் இருக்கிறது. கீழே ஒரு படுக்கையறைக்கும் மாடி அறைகளுக்கும் மரத்தரை போட்டோம். மாடியில் போட்டது இன்றுவரை அப்படியே இருக்கிறது. கீழே போட்டது முதல் மழைக்காலத்திலேயே ஓரம் தூக்கிவிட்டது. விற்ற கடையில் கேட்டால் போட்டவரைச் சொன்னார்கள், போட்டவரைக் கேட்டால் வீட்டுத் தரையில் ஈரம் என்றார். பிரித்தெடுத்து, அடித்தரையைச் சரி செய்து, திரும்பப் போட்டு முடிக்கும் வரை ஆன செலவும் அலைச்சலும் கொஞ்சமில்லை. புதிதாக மரத்தரை போட நினைக்கும் யாரும் அந்தப் பாடு படக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

மரத்தரை கெட்டுப்போகும் வீடுகளில் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். மட்டமான மரம் என்பது அதற்கு அடுத்துதான். அதனால் கடைக்குப் போய் நிறம் பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளை முதலில் வைத்திருக்கிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. எந்த அறைக்கு என்று முடிவு செய்யுங்கள்

மாடிப் படுக்கையறை, படிக்கும் அறை, அலுவலக அறை இவற்றுக்குத் தயங்காமல் போடலாம். சமையலறை, குளியலறை, துணி துவைக்கும் இடம் மூன்றுக்கும் வேண்டவே வேண்டாம். பூசையறைக்கும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். விளக்கெண்ணெய், மஞ்சள், குங்குமம், தீர்த்தம் எல்லாம் தினமும் சிந்தும் இடம் அது. மரத்தில் இறங்கிய மஞ்சள் கறை எளிதில் போகாது.

வரவேற்பறைக்குப் போடலாமா என்பது வீட்டைப் பொறுத்தது. வாசலில் கால் கழுவிவிட்டு ஈரக்காலோடு நேராக உள்ளே வருவது நம் பக்கத்து வழக்கம். வாசலுக்கும் மரத்தரைக்கும் நடுவில் ஆறேழு அடியாவது கல்லோ டைல்ஸோ இருக்க வேண்டும். நடுவில் திறந்த முற்றம் உள்ள தொட்டிக்கட்டு வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் தொட்டியைச் சுற்றிய தாழ்வாரத்தை அப்படியே விட்டுவிட்டு, உள் அறைகளுக்கு மட்டும் மரம் போடுவது நல்லது. மழைச்சாரல் விழும் இடத்தில் எந்த மரமும் நிலைக்காது.

2. அடித்தரையின் ஈரத்தைச் சோதியுங்கள்

இந்த ஒரு படியைத் தாண்டிப் போனால் மற்ற எல்லாச் செலவும் வீண்.

சோதனைக்குச் செலவே இல்லை. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கெட்டியான பாலிதீன் தாளை எடுத்து, தரையில் வைத்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டுப் பிரித்துப் பாருங்கள். தாளின் அடியில் வியர்த்திருந்தாலோ, தரை அந்த இடத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ ஈரம் மேலே வருகிறது என்று அர்த்தம். அறைக்கு மூன்று நான்கு இடங்களில் ஒட்டுங்கள். குளியலறையோடு சேர்ந்த சுவரோரம் ஓர் இடம் கட்டாயம் இருக்கட்டும். குழாய்க் கசிவு இருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். பழைய தரையில் டைல்ஸ் இருந்தால் டைல்ஸின் மேலேயே ஒட்டாமல், இரண்டு டைல்ஸ் சேரும் இடம் தாளுக்கு நடுவில் வருகிற மாதிரி ஒட்டுங்கள். ஈரம் அந்தச் சந்தில்தான் ஏறி வரும்.

எந்த மாதத்தில் சோதிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். சித்திரை வெயிலில் எந்தத் தரையும் காய்ந்துதான் இருக்கும். வாய்க்கால் பாசனம் உள்ள ஊர்களில், அது கீழ்பவானியானாலும் பரம்பிக்குளம் ஆழியாறு பாசனமானாலும், தண்ணீர் விட்ட சில வாரங்களில் கிணற்று மட்டம் ஏறுவதை எல்லோரும் பார்த்திருப்போம். வீட்டுக்கு அடியிலும் அதே ஈரம்தான் ஏறுகிறது. கீழ்பவானியில் வழக்கமாக ஆகஸ்ட் நடுவில் தண்ணீர் திறப்பார்கள். ஆகவே அந்தப் பக்கத்து வீடுகளில் புரட்டாசி, ஐப்பசியில் சோதியுங்கள். மற்ற இடங்களில் ஐப்பசி மழை பிடித்த பிறகு.

புதுக் கட்டடம் என்றால் இன்னொரு விஷயம். கான்கிரீட்டை 28 நாள் நனைக்கச் சொல்வது உறுதிக்காக. அது உலர்வதற்கு அந்தக் காலம் போதாது. நாலு அங்குலத் தளம் முழுசாக உலர நாலு மாதம், அதாவது ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரி அவசரப்படுத்தினாலும் பொறுங்கள்.

லேசான ஈரம் என்றால், குறைந்தது 200 மைக்ரான் பாலிதீன் விரிப்பை ஒன்றன்மேல் ஒன்று 20 செ.மீ. ஏறும்படி விரித்து, சேரும் இடத்தை டேப்பால் அடைத்து, அதன்மேல் போடலாம். ஈரம் கூடுதலாக இருந்தால் ஈரத்தைத் தடுக்கும் எபாக்சி பூச்சு அடிக்க வேண்டும். அதற்கும் அடங்காமல் தாள் வியர்த்துக்கொண்டே இருந்தால் அந்த அறைக்கு மரம் வேண்டாம். மர வடிவம் அச்சிட்ட எஸ்.பி.சி. வினைல் பலகை (கல்தூளும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தது) ஈரத்தைத் தாங்கும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

3. கரையான் மருந்தை இப்போதே அடித்துவிடுங்கள்

செம்மண் பூமியில் கரையான் இல்லாத தோட்டத்து வீடு அரிது. மரத்தரை போட்ட பிறகு தரையைத் துளைத்து மருந்து விட முடியாது. கட்டி முடித்த வீடுகளுக்கான கரையான் தடுப்பு முறையை ஐ.எஸ். 6313 தரக்குறிப்பின் மூன்றாம் பாகம் சொல்கிறது. சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் ஏறக்குறைய ஓர் அடிக்கு ஒரு துளை போட்டு, உள்ளே மருந்தைச் செலுத்தி, சிமெண்டால் அடைப்பார்கள். மருந்து அடிக்க வருகிறவரிடம் எந்த மருந்து, எந்த அளவில் கலக்கிறார், எத்தனை வருஷ உத்தரவாதம் என்று மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். துளை அடைத்த பிறகு ஒரு வாரமாவது காயவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

4. எது மரம், எது மரம் மாதிரி என்று தெரிந்துகொள்ளுங்கள்

கடையில் எல்லாவற்றுக்கும் ‘உடன் ஃப்ளோரிங்’ என்று ஒரே பெயர்தான். ஆனால் உள்ளே இருப்பது மூன்று வேறு பொருள்கள்.

முழு மரம் என்றால் மேலிருந்து கீழ்வரை ஒரே மரப் பலகை. வழக்கமாக 18 முதல் 20 மி.மீ. கனம். நாலைந்து முறை இழைத்துப் புதுசாக்கலாம். பேரன் காலம் வரை வரும். ஈரத்துக்கும் வெயிலுக்கும் அதிகமாக அசைவதும் இதுதான்.

எஞ்சினீயர்டு மரம் என்றால் அடியில் பிளைவுட் அடுக்கு, மேலே நிஜ மரத் தகடு. மொத்தம் 14, 15 மி.மீ. இருக்கும். இதில் மேல்தகட்டின் கனம்தான் விலையே. 2 மி.மீ. தகட்டை ஒரு தடவைக்கு மேல் தேய்க்க முடியாது. 4 மி.மீ. இருந்தால் இரண்டு மூன்று தடவை தாங்கும். மொத்தக் கனத்தை மட்டும் சொல்லி விற்பார்கள். ‘மேல் தகடு எத்தனை மில்லி?’ என்று கேளுங்கள். ஒரு துண்டை வாங்கி வெட்டுவாயில் நீங்களே அளந்து பாருங்கள்.

லேமினேட் என்பது அழுத்திய மரத்தூள் பலகையின்மேல் மரத்தின் படத்தை ஒட்டி, கெட்டியான பூச்சு கொடுத்தது. 8 அல்லது 12 மி.மீ. கனத்தில் வரும். கீறல் அதிகம் விழாது, விலை குறைவு. ஆனால் தேய்த்துப் புதுப்பிக்க முடியாது. ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் ஊதிவிடும், ஊதியது திரும்ப வற்றாது. வாங்குவதானால் பெட்டியில் ஏ.சி.4 என்று போட்டிருக்கிறதா பாருங்கள், தேய்மானத்தை எவ்வளவு தாங்கும் என்பதற்கான குறி அது. ஏ.சி.3 ஆள் நடமாட்டம் குறைந்த அறைக்குப் போதும்.

லேமினேட்டை ‘தேக்குத் தரை’ என்று கொட்டேஷனில் எழுதித் தருகிற கடைகள் இருக்கின்றன. அவர்கள் கணக்கில் அது தேக்கு நிறம். ஆகவே ‘முழு மரம்’, ‘எஞ்சினீயர்டு’, ‘லேமினேட்’ என்ற மூன்றில் ஒரு சொல் கொட்டேஷனில் கட்டாயம் இருக்க வேண்டும்.

வாடகைக்கு விடப்போகும் வீட்டுக்கு லேமினேட் போதும். நாமே குடியிருக்கும் வீட்டின் மாடிக்கு 4 மி.மீ. தகடு உள்ள எஞ்சினீயர்டு நல்ல தேர்வு. சொந்தத் தோட்டத்தில் முற்றிய தேக்கு இருக்கிறவர்களும், நல்ல ஆசாரி கைவசம் உள்ளவர்களும் முழு மரத்துக்குப் போகலாம்.

5. மரத்தைத் தேர்வு செய்யுங்கள்

நம் பக்கத்துத் தட்பவெப்பத்தில் மரம் எவ்வளவு அசையும் என்பதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். மாசி, பங்குனியில் காற்று வறண்டு மரம் சுருங்கும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வரும், ஐப்பசியில் மழை. அப்போது விரியும். மரத்துக்குள் ஈரம் 4 சதவீதம் கூடினால் 5 அங்குல அகலத் தேக்குப் பலகை ஏறக்குறைய 1 மி.மீ. விரியும். ரெட் ஓக் அதைப் போல இரண்டு மடங்கு விரியும். தேக்கு இவ்வளவு பெயர் எடுத்ததற்கு அந்த அமைதியும் ஒரு காரணம். கரையானும் தேக்கின் வைரப் பகுதியை, அதாவது நடுவில் முற்றி இறுகிய பகுதியை, எளிதில் தொடாது.

கடினத்தில் தேக்கை மிஞ்சும் மரங்கள் உண்டு. ஜான்கா என்ற கடின அளவில் தேக்கு ஏறக்குறைய 1,000 முதல் 1,100, ஒயிட் ஓக் 1,360, மேப்பிள் 1,450. குழந்தைகள் பொம்மை வண்டி ஓட்டும் அறைக்கு ஓக் தாங்கும். முழு மரமாக ஓக் வாங்காமல் எஞ்சினீயர்டாக வாங்கினால் விரியும் தொல்லையும் குறையும்.

தேக்கு வாங்கும்போது பார்க்க வேண்டியது வைரம் பாய்ந்த பகுதியை. பலகையின் ஓரத்தில் வெளுத்துத் தெரியும் பகுதி இளம் மரம். கரையானும், மரத்தைத் துளைக்கும் உளுப் பூச்சியும் அங்கேதான் ஏறும். வெளுப்பை மறைக்கச் சாயம் பூசி அனுப்புவதும் உண்டு. பலகையைத் திருப்பி, அடிப்பக்கத்தைக் கத்தியால் லேசாகச் சுரண்டினால் தெரிந்துவிடும். தோட்டத்து வரப்பில் பதினைந்து இருபது வருஷம் வளர்ந்த தேக்கில் வெளுப்பு அதிகம் இருக்கும். அதைத் தள்ளிவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

‘சீசன் பண்ணுன மரம்தானுங்க’ என்று எல்லா மரக்கடையிலும் சொல்வார்கள். மருந்துத் தொட்டியில் முக்கி எடுத்ததையும் சீசனிங் என்றே சொல்கிறார்கள். அது பூச்சிக்கு நல்லது, ஆனால் மரத்தை உலர்த்தாது. நமக்குத் தேவை உலர்ந்த மரம். ஊசி குத்தும் ஈரமானி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், சாதாரணமானது ஆயிரம் இரண்டாயிரத்துக்குள் கிடைக்கிறது. கடையிலேயே பலகையில் குத்திப் பாருங்கள். 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருந்தால் எடுக்கலாம். 15 காட்டினால் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். காற்றில் உலர்த்துவதானால் ஓர் அங்குலப் பலகைக்கு ஓராண்டு என்பது ஆசாரிகளின் பழைய கணக்கு.

மரங்களை அடையாளம் கண்டு பழக நினைப்பவர்கள் கோவை ஆர்.எஸ். புரத்தில் வனத்துறை வளாகத்தில் உள்ள காஸ் வன அருங்காட்சியகத்துக்கு ஒரு தடவை போய் வாருங்கள். பலவகை மரத்துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். அதன் பிறகு மரக்கடைக்குப் போனால் கண் வேறு மாதிரி பார்க்கும். திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

பழைய வீட்டை இடிக்கிறவர்களிடம் மச்சுப் பலகை கிடைத்தால் விடாதீர்கள். பல பத்து வருஷம் காய்ந்த மரம் அது. ஆணிகளை ஒன்று விடாமல் பிடுங்கிய பிறகே இழைக்கக் கொடுக்க வேண்டும்.

6. செலவைச் சதுரடி விலையை வைத்து மட்டும் போடாதீர்கள்

நான் விசாரித்த கடைகளில் பொருளுக்கு மட்டும் சதுரடி விலை இப்படி இருந்தது: லேமினேட் 90 முதல் 200 ரூபாய், எஞ்சினீயர்டு 350 முதல் 800, முழுத் தேக்கு 700-க்கு மேல். ஊருக்கு ஊர் மாறும். ஆனால் கடைசியில் கையை விட்டுப் போகும் தொகை வேறு.

12-க்கு 14 அடி அறையை எடுத்துக்கொள்வோம். 168 சதுரடி. வெட்டுச் சேதாரம் பத்து சதவீதம் சேர்த்தால் 185. பெட்டிக்கு 20 சதுரடி என்றால் பத்துப் பெட்டி வாங்கியாக வேண்டும், அதாவது 200 சதுரடி. லேமினேட் 130 ரூபாய் வீதம் 26,000. அடியில் விரிக்கும் ஃபோம் சதுரடிக்கு 12 வீதம் 2,016. சுவரோர ஸ்கர்ட்டிங், கதவை விட்டு 49 அடி, அடிக்கு 90 வீதம் 4,410. கூலி சதுரடிக்கு 30 வீதம் 5,040. ஆக 37,466. எல்லாம் ஒரே பில்லில் வந்தால் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து ஏறக்குறைய 44,200. சதுரடி 130 என்று பேசியது 263-இல் வந்து நிற்கிறது. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கணக்கை முன்கூட்டியே நீங்கள் போட்டு வைத்திருக்க வேண்டும்.

முழு மரத்துக்குக் கணக்கு கன அடியில் வரும். ஒரு கன அடியை ஓர் அங்குலப் பலகையாக அறுத்தால் 12 சதுரடி வர வேண்டும். அறுவையில் போவது, இழைப்பில் போவது, பலகைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளக் காடி எடுப்பதில் போவது, வெளுப்பில் கழிவது எல்லாம் போக 8 சதுரடி தேறினால் நல்லது. கன அடி விலையை 8-ஆல் வகுத்து, அறுவைக் கூலி, ஆசாரி கூலி, பாலிஷ் கூலி சேருங்கள். கான்கிரீட் மேல் நேராக ஒட்டாமல் பிளைவுட் விரித்து அதன்மேல் அடிப்பதானால், தண்ணீர் தாங்கும் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதாக வாங்குங்கள். அதுவும் தனிச் செலவு.

இன்னொரு மறைமுகச் செலவு உயரம். பிளைவுட்டும் பலகையும் சேர்ந்து தரை ஓர் அங்குலத்துக்கு மேல் ஏறிவிடும். கதவுகளை அடியில் அறுக்க வேண்டும். பக்கத்து அறை டைல்ஸோடு மட்டம் ஒத்துவராமல் கால் தட்டும். புது வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸ் ஒட்டும் முன்பே மேஸ்திரியிடம் சொல்லி, மரம் வரும் அறையைத் தாழ்த்தி விடச் சொல்லுங்கள்.

7. காகிதங்களைச் சேர்த்து வையுங்கள்

கொட்டேஷனில் இருக்க வேண்டியவை: மரத்தின் பெயர், வகை, மொத்தக் கனம், மேல்தகட்டின் கனம், பலகை அகலம், பேட்ச் எண், போடும் முறை, எது விலையில் அடங்கும், எது அடங்காது. ஜி.எஸ்.டி. உட்படவா தனியா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். எஞ்சினீயர்டு, லேமினேட் பெட்டிகளில் பசையிலிருந்து வெளியேறும் வாயுவின் அளவைக் குறிக்க இ0 அல்லது இ1 என்று இருக்கும். அது இல்லாத பெட்டி படுக்கையறைக்கு வேண்டாம்.

‘பில்லு வேணுங்களா, பில் இல்லாமன்னா கொஞ்சம் கொறச்சுக்கலாங்க’ என்பார்கள். பில் இல்லாமல் உத்தரவாதம் இல்லை, புகார் கொடுப்பதும் கஷ்டம். அந்தத் தள்ளுபடி எதற்கும் ஈடாகாது.

உத்தரவாத அட்டையை வாங்கும் முன்பே படியுங்கள். 15 வருஷம், 20 வருஷம் என்று மேலே பெரிதாக இருக்கும். கீழே ஈரத்தால் வரும் கேடு, கரையான், தவறாகப் போட்டது மூன்றும் சேராது என்று சின்ன எழுத்தில் இருக்கும். எங்கள் வீட்டுப் புகார் தள்ளிப்போனதே இந்த வரியால்தான். ஆகவே பலகை போடுவதற்கு முன், ஈரமானி அளவு தெரிகிற மாதிரி அடித்தரையையும் பலகையையும் தேதியோடு படம் எடுத்து, கடைக்காரருக்கும் போடுகிறவருக்கும் வாட்ஸப்பில் அனுப்பி வையுங்கள். ‘அதெல்லாம் எதுக்குங்க’ என்று சொல்லத்தான் செய்வார்கள். நீங்கள் அனுப்புங்கள்.

சொந்தத் தோட்டத்துத் தேக்கை வெட்டுகிறவர்கள் கோடாலி வைக்கும் முன்பே வனச்சரக அலுவலகத்துக்குப் போக வேண்டும். தமிழ்நாடு மரப் போக்குவரத்து விதிகள் 1968-இன்படி மரத்தைக் கொண்டு செல்ல அனுமதிச்சீட்டு தேவை. பட்டா, சிட்டா, அடங்கல், கிராம நிர்வாக அலுவலர் சான்று இவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு, வேறென்ன வேண்டும் என்று அங்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெட்டிவிட்டு அனுமதி கேட்டால் மரம் வழியிலேயே நிற்கும். ஈட்டி மரம் இருந்தால் இன்னும் கவனம் தேவை.

8. காலம் பார்த்துப் போடுங்கள்

என் கணக்கில் தை பாதிக்கு மேல் மாசி முடியும் வரை நல்ல காலம். மழை ஈரம் வடிந்திருக்கும், கடும் வறட்சியும் வந்திருக்காது. மரம் ரொம்ப விரிந்தும் இருக்காது, ரொம்பச் சுருங்கியும் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் ஈரச் சோதனையை முடித்து, மார்கழியில் ஆர்டர் கொடுத்தால் சரியாக வரும். மார்கழியில் விசேஷங்கள் இல்லாததால் ஆசாரிகளும் நின்று பேசுவார்கள்.

புதுமனை புகுவிழாவுக்கு முன் மரத்தரை போடாதீர்கள். பசுமாடு உள்ளே வரும், ஹோமம் வளர்ப்பார்கள், பால் பொங்கி வழியும், ஊர்க்கூட்டமே ஈரக்காலோடு நடக்கும். விழா முடிந்து, பெயிண்ட், பிளம்பிங், ஏ.சி. வடிகுழாய் வேலை எல்லாம் முடிந்த பிறகு கடைசி வேலையாகப் போடுங்கள்.

9. போடும் நாளில் கூடவே இருங்கள்

பெட்டிகளைப் போடப்போகும் அறையிலேயே படுக்கவைத்து, எஞ்சினீயர்டும் லேமினேட்டும் என்றால் குறைந்தது இரண்டு மூன்று நாள் வைத்திருங்கள். முழு மரத்தைக் கட்டைப் பிரித்து, காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்கி, ஈரமானி ஒரே அளவில் நிற்கும் வரை காத்திருங்கள். ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம்.

தரை மட்டத்தை ரசமட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் போதாது. பத்தடி அலுமினியப் பட்டியைத் தரையில் வைத்து எங்கே வெளிச்சம் தெரிகிறது என்று பாருங்கள். 3 மி.மீ.க்கு மேல் பள்ளம் இருந்தால் அதை நிரப்பிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் நடக்கும்போது சத்தம் வரும், நாளடைவில் காடி உடையும்.

சுவரைச் சுற்றி 10 மி.மீ. இடைவெளி விட்டாக வேண்டும். தூணைச் சுற்றியும், கதவு நிலையை ஒட்டியும். மரம் விரிய இடம் இதுதான். ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும். அழகாக இருக்கட்டும் என்று சுவரோடு நெருக்கி அடிக்கிறவர்கள் உண்டு, அப்படிப் போட்ட தரை ஐப்பசியில் நடுவில் எழும்பும். ஸ்கர்ட்டிங்கைச் சுவரில் அடிக்கச் சொல்லுங்கள், பலகையில் அடிக்கக் கூடாது.

பலகையின் முனைச் சேர்ப்புகள் பக்கத்து வரிசையோடு நேர்க்கோட்டில் வரக் கூடாது, ஓர் அடியாவது தள்ளி வர வேண்டும். எல்லாப் பெட்டிகளையும் பிரித்துக் கலந்து போட்டால் நிற வித்தியாசம் திட்டுத்திட்டாகத் தெரியாது. தேக்கை ஒட்டுவதானால், ஒட்டும் பக்கத்தைத் தின்னர் தொட்ட துணியால் துடைக்கச் சொல்லுங்கள். தேக்கின் எண்ணெய்ப் பசைமேல் கோந்து சரியாகப் பிடிக்காது.

10. தினமும் எப்படிப் பார்த்துக்கொள்வது

வேலைக்கு வருகிற அக்காவிடம் முதல் நாளே பொறுமையாகச் சொல்லிவிடுங்கள்: இந்த அறைக்கு வாளித் தண்ணீர் வேண்டாம், பினாயில் வேண்டாம், ஆசிட் வேண்டாம். பொங்கலுக்கு வீடு கழுவும்போதும் இந்த அறைக் கதவைச் சாத்தி, வாசற்படியோரம் துணி சுருட்டிப் போட்டுவிடுங்கள்.

தினமும் மெத்தென்ற துடைப்பத்தாலோ மைக்ரோஃபைபர் மாப்பாலோ பெருக்கினால் போதும். ஆடிக்காற்று அடிக்கிற மாதங்களில் இரண்டு வேளை பெருக்குங்கள். காற்றில் வரும் பொடிமணல்தான் காலடியில் அரைபட்டு மேல்பூச்சைத் தேய்க்கிறது. ஜன்னலைச் சாத்தி வைத்தால் பாதி வேலை மிச்சம்.

வாரம் ஒருமுறை, நன்றாகப் பிழிந்த துணியால் துடைக்கலாம். துடைத்த ஈரம் ஒன்றிரண்டு நிமிஷத்தில் காய்ந்துவிட வேண்டும். காயவில்லை என்றால் துணியில் தண்ணீர் கூடுதல். அப்புறம், தண்ணீரும் முக்கியம். காங்கேயம், தாராபுரம், திருப்பூர்ப் பக்கம் போர்த் தண்ணீர் உப்பு. அதில் துடைத்தால் வெள்ளைப் படலம் படியும். சிறுவாணி வரும் வீடுகளுக்குக் கவலையில்லை. மற்றவர்கள் குடிக்கிற தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்துக்கொண்டால் ஓர் அறைக்குப் போதும். தேங்காயெண்ணெய் தடவிப் பளபளப்பாக்குவதும் வேண்டாம். அது காயாது, தூசியைப் பிடித்து வைத்துக் கறுக்கும். நீராவி மாப்பும் ஆகாது.

நாற்காலி, கட்டில், மேசைக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டுங்கள். பித்தளைக் குடத்தையோ சிலிண்டரையோ தரையில் இழுக்க விடாதீர்கள். அடியில் ரப்பர் உள்ள மிதியடி மரத்தில் கறை விடும், பருத்தி விரிப்பு போடுங்கள். பவானி ஜமக்காளம் இதற்கு மிகவும் பொருத்தம். ஆனால் முதல் சில மாதங்களுக்கு அதை ஒரே இடத்தில் போட்டு வைக்காமல் மாற்றி மாற்றிப் போடுங்கள். வெளிச்சம் பட்டுத் தேக்கின் நிறம் மாறும், விரிப்பின் அடியில் மாறாமல் சதுரமாகத் தெரியும். மேற்கு ஜன்னலுக்குத் திரை அவசியம்.

பங்குனியில் பலகைகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி தெரிந்தால் பயப்படாதீர்கள், புட்டியும் வைக்காதீர்கள். மழை வந்தால் தானாக மூடிக்கொள்ளும். புட்டி வைத்தால் விரியும்போது அது பிதுங்கி ஓரத்தை உடைக்கும்.

11. கெட்டுவிட்டால் என்ன செய்வது

தண்ணீர் கொட்டிவிட்டால் உடனே துடைத்து, மின்விசிறியைப் போட்டு விடுங்கள். வெயிலோ ஹீட்டரோ காட்ட வேண்டாம். பலகை ஓரம் கொஞ்சம் உயர்ந்திருந்தால் அவசரப்பட்டுத் தேய்க்காதீர்கள். ஈரம் வந்த வழியை அடைத்து, சில வாரம் காயவிட்டால் முழு மரமும் எஞ்சினீயர்டும் ஓரளவு பழைய நிலைக்கு வரும். உயர்ந்த ஓரத்தைத் தேய்த்துவிட்டால் காய்ந்த பிறகு அங்கே குழி விழுந்திருக்கும்.

பலகையோரம் மாவு மாதிரி பொடி உதிர்ந்தால் அது உளு. அந்தப் பலகையை மட்டும் மாற்ற முடியும். இதற்காகவே மிச்சமான ஒரு பெட்டியைத் திருப்பிக் கொடுக்காமல், பரணில் படுக்கைவசமாக வைத்திருங்கள். நிறுத்தி வைத்தால் வளைந்துவிடும்.

மேல்பூச்சு மங்கினால் முழுசாக இழைக்கத் தேவையில்லை. லேசாகத் தேய்த்து ஒரு கை பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சு அடித்தால் புதுசாகிவிடும். மூன்று முதல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை இதைச் செய்துவிட்டால் மரம்வரை தேயவே தேயாது. தின்னருக்குப் பதில் தண்ணீரில் கரைத்துத் தயாரித்த பி.யு. வாடை குறைவு, நிறமும் மஞ்சளிக்காது, விலை கூடுதல். அடித்த மறுநாள் வெறுங்காலோடு நடக்கலாம். கட்டிலையும் விரிப்பையும் ஒரு வாரம் கழித்துப் போடுங்கள்.

பொருளிலோ வேலையிலோ குறை இருந்து கடைக்காரர் கைவிரித்தால், முதலில் படங்களோடு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் வரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில், கொட்டேஷன், உத்தரவாத அட்டை, ஈரமானிப் படங்கள் நான்கையும் நகல் எடுத்து ஒரே உறையில் வைத்திருந்தால் வக்கீல் இல்லாமலேயே மனு எழுதிவிடலாம்.